பழைய மைக்ரோலைட்டில் ஒரு பங்கு

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில், உழவு நிலங்களுக்கு நடுவே புல்லை வெட்டிச் சமன் செய்த நீளமான ஓடுபாதையும், ஒரு தகரக் கொட்டகையும், காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்றுமாக அமைந்த சிறு விமானத்தளங்கள் பல உண்டு. வாரம் முழுதும் வேறு ஜீவனோபாயத்தில் உழலும் ஆசிரியர்களும் தச்சர்களும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் சனி ஞாயிறுகளில் அங்கிருந்து ஆகாய சஞ்சாரம் செய்ய முடிகிறதென்றால், அதற்குக் காரணம் மைக்ரோலைட் என்னும் இலகுவான விமானமும், அதைப் பலர் கூடி வாங்கிக்கொள்ளும் வழக்கமுமே ஆகும். அவ்விமானங்களில் ஒரு வகை, அமெரிக்கரான பிரான்ஸிஸ் ரொகாலோ தம் மனைவி கெர்ட்ரூடுடன் சேர்ந்து 1948-இல் உருவாக்கிய வளையும் இறக்கையின் சந்ததி. முக்கோணத் துணி இறக்கையின் கீழே, என்ஜினும் இரண்டு ஆசனமும் பொருத்திய மூன்று சக்கர வண்டி தொங்கும். 1998-இல் பிரையன் மில்டன் உலகைச் சுற்றி வந்தது அந்த வகையைச் சேர்ந்த பெகாஸஸ் குவாண்டம் விமானத்தில்தான். மற்றொரு வகை, சாதாரண விமானத்தைப் போலவே நிலைத்த இறக்கையும் வாலும் உடையது.

கொட்டகை வாடகையும் காப்பீடும் வருஷாந்தரப் பரிசோதனைச் செலவும், விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நின்றபாடில்லை. மழையும் காற்றும் மிகுந்த அத்தேசத்திலோ ஒருவர் பறக்க வாய்க்கும் நாட்கள் சொற்பம். ஆகையால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்துக்கொள்வது இயல்பாகிவிட்டது. ஒருவரது பங்கு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையலாகாது என்பதால், கூட்டாளிகள் இருபது பேருக்கு மேற்படுவதில்லை.

பங்கு விற்பனைக்கு வருகிறது என்று கேட்டுப் போகிறவர், முதலில் விமானத்தின் எடைக் கணக்கைப் பார்ப்பது நலம். 2021-இல் பிரிட்டனில் மைக்ரோலைட்டின் எடை வரம்பு 600 கிலோவாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அதனாலேயே பழைய விமானம் அதிகச் சுமை தாங்கும் உரிமையைப் பெற்றுவிடாது. தனி ஒப்புதல் பெற்றாலன்றி, அதன் முந்தைய வரம்பாகிய 450 கிலோவே நிலைத்திருக்கும். வெறும் எடை 265 கிலோ உள்ள விமானத்தில் 85 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால், எஞ்சுவது 15 கிலோ. அதாவது இருபது லிட்டர் பெட்ரோல். மணிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு அது எவ்வளவு தூரம் காணும் என்பதை யோசியாமல், நண்பரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் பறக்கும் மனோராஜ்யத்தில் பணம் கொடுத்தவர்கள் ஏமாற்றமடைந்திருக்கிறார்கள்.

துணி இறக்கையாயின், அதன் பரம சத்ரு சூரிய வெளிச்சம். சாயம் வெளிறாத துணியும் உள்ளூர நைந்திருக்கக்கூடும். ஆதலால் பரிசோதகர் பெட்ஸோமீட்டர் என்னும் சிறு கருவியைக் கொண்டு வருகிறார். அதன் மெல்லிய ஊசியை இறக்கையின் மேற்புறத் துணியில் குத்தி, வில் தராசு விதித்த அளவைக் காட்டும்வரை மெல்ல இழுப்பார். துணி உறுதியானதாயின் ஊசித்துளை அளவோடு நிற்கும். நைந்ததாயின் சரசரவென்று கிழியும். அத்தோடு தையலையும் அவ்விதமே சோதிப்பார். பங்கு வாங்குகிறவர் இந்தச் சோதனையைத் தம் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை. புது இறக்கைத் துணியின் விலை, சில வேளை பங்கின் விலையையே விழுங்கிவிடும்.

என்ஜின் விஷயத்தில் ஒரு தப்பபிப்பிராயம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. குறைந்த மணிநேரம் ஓடியதே நல்லது என்பது அது. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ-ஸ்ட்ரோக் என்ஜினை 300 மணிக்கு ஒருமுறை பிரித்துச் செப்பனிட வேண்டும் என்பது உற்பத்தியாளர் விதி. ஃபோர்-ஸ்ட்ரோக் வகையான 912-க்கு அது 2000 மணி. ஆயினும், வருஷக் கணக்கில் கொட்டகையில் சும்மா கிடந்த டூ-ஸ்ட்ரோக்கின் பேரிங்குகளில் துரு ஏறியிருக்கலாம். அதைக் காட்டிலும், ஒழுங்காக ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதே மேல்.

இவை யாவும் பரிசோதகரைக் கொண்டு தீர்த்துக்கொள்ளக் கூடியவை. அவரால் தீர்க்க முடியாதது கூட்டாளிகளின் சத்தியம். முறை வைத்து இறைக்கும் கூட்டுக் கிணற்றில் ஒருவர் கயிற்றை அறுத்துவிட்டால் அடுத்தவர் வந்ததுமே கண்டுகொள்வார். விமானத்திலோ, சனிக்கிழமை மாலை பலமாக மோதி இறங்கியவர் சக்கரத்தின் பிடிமானத்தில் விழுந்த மயிரிழை விரிசலைக் கவனியாமலோ, கவனித்தும் வெட்கத்தால் வாய் திறவாமலோ வீடு போய்விட்டால், ஞாயிறு காலையில் அதன் பலனை அனுபவிக்கப்போகிறவர் நிரபராதியான இன்னொருவர். எனவே விமானத்தின் லாக் புத்தகத்தை வாங்கிப் படிக்கையில், 'பலமான இறக்கம், சக்கரங்கள் பார்க்கப்பட்டன' என்பது போன்ற குறிப்புகள் அங்கங்கே காணப்படுமானால், அதைக் குறையாக எண்ணாமல் அக்குழுவின் யோக்கியதைக்கு அத்தாட்சியாகவே நான் கொள்வேன். பல வருஷமாக மாணவரும் முதியவரும் ஓட்டியும் ஒரு கீறலைக்கூடச் சொல்லாத புத்தகமே எனக்கு அச்சம் தருகிறது. தவற்றை ஒப்புக்கொண்டவரை அக்குழுவில் எவ்விதம் நடத்தினார்கள் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். ஏசினார்கள் என்றால், அடுத்த முறை ஒருவரும் சொல்லமாட்டார்.

பண ஏற்பாடு சுலபமானது. மாதச் சந்தா வாடகையையும் காப்பீட்டையும் ஏற்கும். பறந்த ஒவ்வொரு மணிக்கும் கட்டும் தொகையில் ஒரு பகுதி என்ஜின் நிதியில் சேரும். அந்த நிதி காலியாக இருக்கையில் குறைந்த விலைக்கு வரும் பங்கு, உண்மையில் மலிவானதல்ல. வரப்போகும் செலவில் ஒரு பாகத்தைப் புதியவர் தலையில் ஏற்றுவதே அது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தராமல் விடும் முதற்பகுதியை, அப்போது ஓட்டியவர் மட்டும் கட்டுவதா, எல்லோரும் பகிர்வதா என்பதையும், விலக விரும்புகிறவர் பங்கை வெளியாருக்கு விற்குமுன் கூட்டாளிகளிடமே முதலில் கேட்க வேண்டுமா, வாங்க ஆள் அகப்படும்வரை அவரே மாதச் சந்தா கட்டி வர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வைத்துக்கொண்ட பிறகே பணம் கை மாற வேண்டும்.