பொய்யே சொல்லாம சாய்க்கலாம்: ஒரு அலுமினியக் குழாயின் கதை

பத்திரிகை ஒரு பக்கமா சாயுதுன்னு சொன்னா, நாம உடனே பொய்ச் செய்தியைத்தான் தேடுறோம். ஆனா பெரும்பாலும் பொய்யே தேவைப்படாது. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு ரொம்பத் தெளிவான உதாரணம், இராக் போருக்கு முன்னாடி வந்த ஒரு அலுமினியக் குழாய்ச் செய்தி.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கம். எழுதினவங்க மைக்கேல் கார்டன், ஜூடித் மில்லர். சதாம் உசேன் ஆயிரக்கணக்கான அலுமினியக் குழாய்களை வாங்கப் பார்த்தார், அவை யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜுக்கானவை, அதாவது அணுகுண்டுக்கு. இதுதான் விஷயம். தலைப்பைப் பாருங்க: 'சதாம் செய்கிறார்' என்று இல்லை, 'செய்கிறார் என்கிறது அமெரிக்கா' என்ற மாதிரி. அமெரிக்க அரசு அப்படிச் சொன்னது உண்மைதானே? நாளைக்கே விஷயம் தப்புன்னு தெரிஞ்சாலும் தலைப்பு தப்பாகாது. ஆனா படிக்கிறவர் மனசுல அந்த 'என்கிறது' நிக்காது, குண்டுதான் நிக்கும்.

சொன்னது யார்? பெயர் வெளியிட விரும்பாத அதிகாரிகள். நம்ம ஊர்ப் பேப்பர்ல 'வட்டாரங்கள் தெரிவித்தன'ன்னு போடுவாங்களே, அதே ஆளுங்க.

அன்னைக்குக் காலையிலேயே துணை அதிபர் டிக் செனி ஒரு டிவி பேட்டியில, இன்னைக்கு டைம்ஸ்லயே வந்திருக்கேன்னு அந்தச் செய்தியை எடுத்துக் காட்டினார். அரசாங்கம் காதுல சொன்னதைப் பத்திரிகை அச்சடிச்சது; அச்சடிச்சதை அரசாங்கமே சாட்சியாக் கொண்டுவந்தது. நம்ம ஆபீஸ் பாஷையில இது சர்குலர் டிபெண்டன்சி. கோடா இருந்தா பில்டே ஆகியிருக்காது!

இதுல கொடுமை என்னன்னா, அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுக்குத்தான் பொருந்தும், சென்ட்ரிஃபியூஜுக்குச் சரிவராதுன்னு அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் 2001-லேயே சொல்லியிருந்தாங்க. முதல் செய்தி வந்து ஐந்து நாள் கழிச்சு, இப்படி ஒரு கருத்து வேறுபாடு இருக்குங்கிறது டைம்ஸ்லயும் வந்தது. 13-ஆம் பக்கத்துல, வேற தலைப்புல வந்த ஒரு செய்திக்குள்ள. மறைச்சிட்டாங்கன்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க.

இதுக்கு யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. மேலிடத்துல ஆள் வெச்சிருக்கிற நிருபருக்கு எக்ஸ்க்ளூசிவ் கிடைக்கும். குடைஞ்சு குடைஞ்சு கேட்டா, அடுத்த தடவை அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். எங்கேயோ ஒரு ஆய்வகத்துல உட்கார்ந்திருக்கிற நிபுணருக்கு அந்தப் பவர் கிடையாது.

கேட்டவங்களும் இருந்தாங்க. நைட் ரிடர் நிறுவனத்தோட வாஷிங்டன் நிருபர்கள் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் ரெண்டு பேரும் பெரிய தலைகளை விட்டுட்டு நடுமட்ட அதிகாரிகள்கிட்ட பேசினாங்க. ஆதாரம் பலவீனமா இருக்குன்னு தொடர்ந்து எழுதினாங்க. ராப் ரைனரின் 'ஷாக் அண்ட் ஆ' படம் இவங்க கதைதான், கிடைச்சா பாருங்க. ஆனா அந்த நிறுவனத்துக்கு வாஷிங்டன்லயும் நியூயார்க்லயும் சொந்தப் பத்திரிகை கிடையாது. முடிவெடுக்கிறவங்க காலையில காபியோட பிரிக்கிற பேப்பர்ல அவங்க செய்தி இல்லை.

2003 மார்ச்சில் போர் தொடங்கியது. உள்ளே போய்த் தேடினப்போ, அணு ஆயுதத் திட்டத்தை சதாம் மறுபடி தொடங்கினதுக்கு ஆதாரம் கிடைக்கலை. 2004 மே 26 அன்று டைம்ஸ் தன் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு வெளியிட்டது: பயமுறுத்துற செய்திகளுக்குப் பெரிய இடம் கொடுத்தோம், அதைக் கேள்வி கேட்ட செய்திகளை உள்ளே புதைச்சிட்டோம் என்று. அந்தக் குறிப்பு வந்தது 10-ஆம் பக்கத்தில்.