அலை ஓய்ந்த நாற்பது ஆண்டுகள்

பசிபிக் மகாசமுத்திரத்தில், பூமத்தியரேகையை ஒட்டிக் கிழக்கே பரந்துகிடக்கும் நீர், சில வருஷங்களுக்கு ஒருமுறை வழக்கத்தை மீறிச் சூடேறுவதும் பிறகு குளிர்வதும், எல் நீனோ, லா நீனா என்ற பெயர்களால் இன்று பத்திரிகை படிக்கும் யாவரும் அறிந்த விஷயம். ஆனால் எத்தனை வருஷங்களுக்கு ஒருமுறை என்று கேட்டால், இரண்டு முதல் ஏழு என்று பட்டும் படாமலும்தான் விடை வருகிறது. அந்த அலைவின் வேகமும் வலிமையும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

இத்தகைய ஏற்ற இறக்கங்களை ஆராய விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பியிருந்தது, 1822-ல் வெளிவந்த வெப்பத்தைப் பற்றிய நூலில் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித மேதை விரித்துரைத்த முறையை. எவ்வளவு சிக்கலான அசைவையும் பல சீரான அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டும் அம்முறை, சந்திர சூரியர்களின் கதிக்குக் கட்டுப்பட்டு என்றும் ஒரே தாளத்தில் நடக்கும் கடல் ஓதத்துக்குப் பரிபூரணமாகப் பொருந்துகிறது. ஆயினும் அதன் அலைகள் ஆதியும் அந்தமும் அற்றவை. வருஷ முடிவில் கூட்டிய வீட்டுக் கணக்கிலே நெய்க்கு இவ்வளவு என்ற தொகை இருக்குமே தவிர, அது தீபாவளிக்கு வாங்கியதா, கல்யாணத்துக்கு வாங்கியதா என்பது இராதல்லவா? அவ்வாறே, எந்த அலை எவ்வளவு என்பதை அம்முறை சொல்லும். எப்போது என்பதைச் சொல்லாது.

பூமிக்குள் அதிர்ச்சியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடும் தொழிலில் ஈடுபட்டிருந்த ழான் மோர்லே என்ற பிரெஞ்சுக்காரர், 1980-களின் தொடக்கத்தில் இக்குறைக்கு ஒரு பரிகாரம் கண்டார். எழுந்து, சிலமுறை ஆடி, அடங்கிவிடும் சிறியதோர் அலையை எடுத்துக்கொண்டு, அதை நீட்டியும் குறுக்கியும் பதிவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் எந்த நீளத்துக்கு அது இசைகிறதோ, அந்தக் காலத்தில் அந்த அலைவு உயிரோடிருந்தது என்று பொருள். இதுவே சிற்றலை ஆய்வு.

1998-ல் கிறிஸ்டோபர் டோரன்ஸ், கில்பர்ட் காம்போ என்ற இருவர் 1871 முதல் 1996 வரையிலான பசிபிக் உஷ்ணநிலைப் பதிவை இம்முறையால் ஆராய்ந்தார்கள். கடல்நீர் ஒரு மாதத்துச் சூட்டை அடுத்த மாதத்திலும் தேக்கிவைக்கும் இயல்புடையதாகையால், காரணமின்றியும் அலைபோன்ற தோற்றம் உண்டாகும். அந்தப் போலித் தோற்றத்தைக் கழித்தபிறகும் மிஞ்சுவதையே மெய்யென்று அவர்கள் கொண்டது எனக்கு மிகவும் சிலாக்கியமாகப் படுகிறது. 1880 முதல் 1920 வரை எல் நீனோ அலைவு ஓங்கியிருந்தது. பின் நாற்பது ஆண்டுகள் ஓய்ந்தது. 1960-க்குப் பிறகு மீண்டும் எழுந்தது. அடுத்த ஆண்டில் டோரன்ஸும் வெப்ஸ்டர் என்ற ஆராய்ச்சியாளரும் இந்தியப் பருவமழைப் பதிவிலும் ஏறக்குறைய இதே எழுச்சியையும் ஓய்வையும் கண்டார்கள்.

இதைப் படிக்கையில், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவுக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கரே என் நினைவுக்கு வருகிறார். நம் மழையை முன்னறிவதற்காக உலகெங்கும் உள்ள வானிலைப் பதிவுகளைத் திரட்டி, பசிபிக் கடலுக்கும் இந்துமாக்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் துலாத்தட்டுப்போல் ஏறியிறங்கும் தென் அலைவைக் கண்டவர் அவர். அவர் பிரயாசைப்பட்டுக் கண்ட தொடர்புகளில் சில பின்னர் பலமிழந்தன. அவர் கையிலிருந்த பதிவுகளில் பெரும்பகுதி அலை ஓங்கியிருந்த காலத்தவை. அவர் வகுத்த விதிகள் சோதனைக்கு வந்ததோ அது ஓய்ந்த காலத்தில்.

சிற்றலை ஆய்வுக்கும் ஓர் எல்லையுண்டு. பதிவின் இரு ஓரங்களிலும் சிற்றலையின் ஒரு பாதி வெறுமையில் தொங்குவதால், ஆய்வுப் படத்தில் அப்பகுதிகளைக் கோடிட்டு விலக்கிவைப்பார்கள். அலை நீளமாக ஆக, விலக்கப்படும் பகுதியும் அகலும். எனவே இன்றைய அலைவு ஓங்குகிறதா, ஓய்கிறதா என்பது, இன்னும் சில வருஷங்களின் அளவுகள் சேர்ந்த பிறகே அப்படத்தில் தெளிவுபடும்.