கொல்லையில் ஈரம், தறிக்குழியில் நீர்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறி நெசவு தடைப்படுவது அங்கத்தினர் பலரும் அறிந்த துன்பமே. தறி நின்றால் கூலியும் நின்றது. குழிநீரை இறைத்துக் கொட்டுகின்றனர், மறுநாளும் ஊறுகிறது. பல வீடுகளில் கோளாறு குழியிலன்று, கொல்லையிலேயே இருப்பதை நாம் காண்கிறோம்.

களிமண்ணில் நீர் மெல்லவே இறங்கும். சுவரோரம் தேங்கும் நீர் பக்கவாட்டில் கசிந்து, பள்ளமாகிய குழியை வந்தடைகிறது. ஆகவே கூரைநீரைச் சுவரடியில் விழவிடலாகாது. சுவரிலிருந்து புறம்நோக்கி 10 அடிக்கு 6 அங்குலம் சரிவு அமைத்து, வாய்க்கால் வெட்டி, தெருச் சாக்கடை வரை கொண்டுசெல்லவேண்டும். அண்டை வீட்டுக் கொல்லையில் விட்டுவிடுவது தீர்வாகாது. அவர் குழியிலும் தறி உண்டன்றோ! தெருவார் கூடிச் செய்யவேண்டிய வேலை இது.

இதனைப் புரட்டாசிக்குள் முடிப்பது நன்று. ஈரக் களியை வெட்டினாலும் மிதித்தாலும் அது இறுகி, பின் கட்டிகட்டியாகக் காயும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தினால் உதிரவேண்டும். பிசுபிசுத்தால் மண்வெட்டியை வைத்துவிடுக. சிலர் நாலு கூடை மணலைக் கொட்டுகின்றனர். அது வீண்செலவு, மக்கிய எருவே களியை இளக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மேட்டுப்பாத்தி வேண்டும். என்றும் ஈரமாயுள்ள மூலையில் சேம்பு நடலாம்.