வரப்பை விட்டு மும்பைக்கு வந்த எலி

மும்பையின் சாக்கடை ஓரங்களிலும் குப்பைத்தொட்டிகளைச் சுற்றியும் இன்று பெருவாரியாகத் திரிவது வரப்பெலி. தமிழ்நாட்டு நெல்வயலில் வரப்பைக் குடைந்து, கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கும் அதே எலிதான் இது. பெருச்சாளிக்கு நெருங்கிய உறவான இதன் அறிவியல் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் கூரையில் ஓடும் வீட்டெலியும் பழுப்பு நிறச் சாக்கடை எலியுமே மிகுதி. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரப்பெலி அவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. கொல்கத்தாவின் தானியக் கிடங்குகளிலும் இதுவே நடந்தது. கொசு, கரப்பான், மூட்டைப்பூச்சி ஆகியவற்றின் நடமாட்டமும் காலத்தோடு மாறியிருக்கிறது. தண்ணீர், குப்பை, கட்டடம் ஆகிய மூன்றையும் நகரம் கையாளும் முறையே இந்த மாற்றங்களுக்கெல்லாம் அடிப்படை.

பிளேக் மாற்றிய நகரம்

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் அகாசியோ வியேகாஸ், அவர்களுக்கு வந்திருப்பது பிளேக் என்று கண்டறிந்தார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. எலிகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணியான தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். அதற்குள் மும்பையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்திருந்தனர். ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் இன்னும் பலர். வால்டெமர் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியை இங்கேதான் உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தன் உடலிலேயே போட்டுப் பார்த்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காற்றும் வெளிச்சமும் இல்லாத நெரிசலே நோயின் வேர் என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகள் அதன் திட்டத்தில் உருவானவை. அகன்ற தெருக்கள், உயரம் கட்டுப்படுத்தப்பட்ட வீடுகள், ஃபைவ் கார்டன்ஸ் போன்ற பூங்காக்கள் எல்லாம் பிளேக் கற்றுத்தந்த பாடங்கள். பின்னாளில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய மாட்டுங்காவின் தெரு அமைப்புக்கு எலியால் பரவிய ஒரு நோய் காரணமாக இருந்திருக்கிறது.

வயலில் பருவம், நகரில் ஆண்டு முழுதும்

ஓட்டுக் கூரையும் மர உத்தரமும் வீட்டெலிக்கு உகந்தவை. கான்கிரீட் கட்டடங்கள் பெருகியதும் அதன் இடம் சுருங்கியது. வரப்பெலிக்குத் தேவை தோண்ட மண்ணும் பக்கத்திலேயே தீனியும். இடிந்த கால்வாய்க் கரை, தளம் பெயர்ந்த கிடங்கு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குப்பை விழும் 'ஹவுஸ் கல்லி' ஆகிய இடங்களில் அவை இரண்டும் கிடைக்கின்றன. வயலில் அறுவடையை ஒட்டியே இதன் இனப்பெருக்கம் கூடும். அறுவடை முடிந்தால் குறையும். பழங்குடியினரான இருளர்கள் வளையைத் தோண்டி எலி சேர்த்த நெல்லை எடுப்பதும் அந்தப் பருவத்தில்தான். நகரில் தீனிக்குப் பஞ்சமான மாதமே கிடையாது. கருக்காலமோ ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்து முதல் பத்துக் குட்டிகள். அதனால் ஆண்டு முழுதும் பெருகுகிறது.

இவற்றைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு மும்பை மாநகராட்சியின் பூச்சிக்கொல்லித் துறைக்கு உரியது. பொறி வைப்பது, விஷத்தீனி இடுவது, வளைக்குள் நச்சுப்புகை செலுத்துவது ஆகியவை பகல் வேலைகள். இரவு வேலை எலி அடிப்போருடையது. ஒரு கையில் டார்ச், மறு கையில் நீண்ட தடி. வெளிச்சம் கண்ணில் பட்டதும் எலி ஒரு கணம் திகைத்து நிற்கும். அந்த ஒரு கணத்தில் அடி விழவேண்டும். தவறினால் எலி வளைக்குள் போய்விடும். அடித்ததைச் சாக்கில் போட்டுக்கொண்டு அடுத்த சந்துக்கு நடக்கவேண்டும். ஒருவர் ஓரிரவில் 30 எலி அடிக்கவேண்டும் என்பது துறையின் கணக்கு. விடிந்ததும் சாக்கைக் கொட்டி எண்ணிக் காட்டவேண்டும். நகரம் உறங்கும்போது சாக்கடையோரம் நடந்து அதன் உடல்நலத்தைக் காப்பவர்கள் இவர்கள். இவர்களுடைய உழைப்பு உரிய மரியாதையைப் பெறவேண்டும்.

ஆனால் அடிப்பதால் மட்டும் எலி ஒழியாது. தீனி அப்படியே இருந்தால், மிஞ்சிய எலிகள் விரைவாகப் பெருகி வெற்றிடத்தை நிரப்பிவிடும். விஷத்தீனியைச் சிறிது தின்று பிழைத்த எலி அதை மறுபடி தொடாது. அகழ்வு வேலை நடக்கும் இடங்களில் வளை கலைந்த எலிகள் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு நகர்கின்றன. மெட்ரோவும் மறுகட்டுமானமும் நடக்கும் நகரில் இதையும் எதிர்பார்த்துத் திட்டமிடவேண்டும்.

வெப்பநிலையும் இதில் சேர்ந்துகொண்டிருக்கிறது. உலகின் 16 நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து 2025இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வு, 11 நகரங்களில் எலி கூடியிருப்பதையும், வெப்பம் அதிகமாக உயர்ந்த நகரங்களில் இந்த ஏற்றம் அதிகம் என்பதையும் காட்டியது. மும்பை அதில் இடம்பெறவில்லை; குளிர்காலமே இல்லாத இந்தக் கடற்கரை நகருக்கு அந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவில்லை.

எலியின் இன்றைய பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். அதன் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி மழைநீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக உடலுக்குள் நுழைகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. அதனால்தான், தேங்கிய நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்தான டாக்ஸிசைக்ளின் தேவையா என்று கேட்கும்படி மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்திலும் அறிவுறுத்துகிறது.

கிணற்றிலிருந்து டிரம்முக்கு

மும்பையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு. சுத்தமான நீரில் முட்டையிடும் இது, வீட்டுக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகுவதை 1911ஆம் ஆண்டு அறிக்கையில் சார்லஸ் பென்ட்லி சுட்டிக்காட்டினார். கிணறுகளை மூடும் முயற்சியைப் பார்சிகள் உள்ளிட்டோர் சமய நம்பிக்கையை முன்னிட்டு எதிர்த்தனர். பல கிணறுகள் மூடப்பட்டன. சில, மூடி போட்டுக் காக்கப்பட்டன. பின்னர் அதே கொசு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறியது. இப்போது கட்டுமான இடங்களில் தேங்கும் நீரிலும் வளர்கிறது. 2010 மழைக்காலத்தில் மலேரியா பெரிய அளவில் பரவியபோது, கட்டுமான இடங்கள் மீது மாநகராட்சி கண்காணிப்பை இறுக்கியது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்ட ஸ்டீபன்சி, அங்கிருந்து எத்தியோப்பியா முதலிய நாடுகளுக்குப் பரவி, பெரும்பாலும் கிராமத்து நோயான ஆப்பிரிக்க மலேரியாவை நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் அச்சத்தை எழுப்பியிருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கைப்பிடி நீர் போதும். தாராவியில் குழாய்நீர் சில மணி நேரமே வருவதால் வீட்டு வாசலில் நீல நிற டிரம் நிற்கிறது. கூரையில் தார்ப்பாய் மடிப்புகளிலும், காற்றுக்குப் பாரமாக வைத்த டயர்களிலும் மழைநீர் நிற்கிறது. செம்பூர் அடுக்ககங்களிலோ குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது. நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்து நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். கொசு வளர இடம் கொடுப்போருக்கு நோட்டீஸ் அளிக்க 1888ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 381ஆம் பிரிவு வழிசெய்கிறது.

மருந்துக்கு அசராத பூச்சிகள்

சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய கரப்பானோடு, சமையலறை இடுக்கில் வாழும் சிறிய ஜெர்மன் கரப்பானும் நகர வீடுகளில் பரவியுள்ளது. இது தென்னாசியாவில் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்த இனம் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும்வரை பெண் கரப்பான் சுமந்து திரிவதால் முட்டைகள் எளிதில் அழிவதில்லை. மருந்தில் கலந்த இனிப்பையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான்கள் அமெரிக்காவில் 1990களிலேயே தென்பட்டன.

மூட்டைப்பூச்சியும் டிடிடிக்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு மட்டும் அதனிடம் மாற்று இல்லை. முட்டையும் சேர்ந்து சாகும். துணிகளைக் கொதிநீரில் அலசுவதே மருந்தடிப்பதைவிட நம்பகமானது.

மருந்தின் அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணம் உயிருக்கே உலை வைக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், அடுக்கக வீட்டில் வைத்த எலி மருந்தின் நச்சு பரவி இரண்டு குழந்தைகள் இறந்தன. வாயுவாக மாறும் பாஸ்பைடு வகை மருந்துகளை ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையும் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

வரப்பெலி முதல் மூட்டைப்பூச்சி வரை எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வு, அவற்றுக்குச் சோறும் தண்ணீரும் இடமும் கொடுக்காதிருப்பதே. ஈரக் குப்பையை மூடி வைத்து அன்றன்றே அப்புறப்படுத்துவதும், கல்லியில் குப்பை வீசாதிருப்பதும், டிரம்முக்கு மூடி போடுவதும் வீட்டாரின் கடமை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் ஒரே சீராகக் குழாய்நீரும், நாள்தோறும் குப்பை அகற்றலும், மூடிய சாக்கடையும் தருவது மாநகராட்சியின் கடமை. தண்ணீர் நாள் முழுதும் வந்தால் டிரம்முக்கே வேலையில்லை. டிரம் போனால் டெங்குவும் குறையும். மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது குழாய்க்கும் கால்வாய்க்கும் செலவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் வார்டு அலுவலகத்தை இந்த மழைக்காலத்துக்கு முன்பே வலியுறுத்த வேண்டும்.