விழுவதற்கு முன்பே பதிந்த தடம்

சிறிய விமானம் ஒன்று மலையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வால்பகுதியில் பொருத்தியிருக்கும் ஈ.எல்.டி. என்ற அவசரக் கருவி அதிர்ச்சியை உணர்ந்து விழித்துக்கொள்ளும். ஆனால் உடனே வாய் திறக்காது. விமானம் சற்றுக் கடுமையாகத் தரையிறங்கியதில் தவறுதலாக இயங்கியிருந்தால் விமானி அதை நிறுத்திவிட அவகாசம் வேண்டுமல்லவா? அதனால் செயற்கைக்கோளுக்கு முதல் செய்தியை அனுப்ப ஏறத்தாழ 50 விநாடி பொறுத்திருக்கும். அதற்குள் தீப்பிடித்தாலோ, ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் அறுந்தாலோ, விமானம் தண்ணீரில் மூழ்கினாலோ அந்தப் பெட்டி ஊமைதான்.

அதற்காக ஈ.எல்.டி.யைக் குறைத்துப் பேச முடியாது. 1967-இல் வடக்குக் கலிபோர்னியாவின் மலைக்காட்டில் ஒரு குடும்பத்தின் விமானம் விழுந்தது. தாயும் மகளும் ஏழு வாரங்களுக்கு மேல் அந்த உடைசலுக்குள் உயிரோடு காத்திருந்தார்கள். பல மாதங்கள் கழித்து உடைசல் கண்ணில் பட்டபோது அவர்களுடைய குறிப்புகள்தான் மிஞ்சியிருந்தன. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகத்தான் 1970-இல் அமெரிக்கா இந்தக் கருவியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 1982-இல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்று கனடாவில் விழுந்த சிறு விமானத்தின் ஈ.எல்.டி. அழைப்பைக் கேட்டுச் சொன்னதால் மூன்று பேர் பிழைத்தார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. காஸ்பஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்புக்கு அதுவே முதல் வெற்றி.

ஆனாலும் விமானம் விழுந்த பிறகுதான் கருவி பேசும், அதுவும் பிழைத்திருந்தால்தான் பேசும். இந்த ஓட்டையை உலகுக்குக் காட்டியவர் ஸ்டீவ் ஃபாசெட். பலூனில் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவில் ஒரு பண்ணையின் ஓடுதளத்திலிருந்து இரண்டு இருக்கை விமானத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவரக் கிளம்பினார். பயணத்திட்டம் எதுவும் பதிவு செய்யவில்லை. ஈ.எல்.டி. சமிக்ஞை யாருக்கும் எட்டவில்லை. பல ஆயிரம் சதுர கிலோமீட்டரைச் சல்லடையாகச் சலித்தார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்களே இணையத்தில் துழாவினார்கள். யாருக்கும் தெரியாமல் கிடந்த பழைய விமானச் சிதைவுகள் சில அகப்பட்டன, ஃபாசெட் அகப்படவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடைப்பயணம் போன ஒருவரின் கையில் அவருடைய அடையாள அட்டைகள் சிக்கின. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் உடைசலைக் கண்டார்கள்.

அவர் காணாமல்போன அதே ஆண்டின் கடைசியில் ‘ஸ்பாட்’ என்ற உள்ளங்கை அளவு டிராக்கர், அதாவது தடமிடும் கருவி, அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. மலையேறுபவர்களையும் படகோட்டிகளையும் நினைத்துச் செய்தது. ஜி.பி.எஸ்.ஸில் தன் இடத்தைக் கணக்கிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். வீட்டில் இருப்பவர் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் பார்க்கலாம். சிறு விமான ஓட்டிகள் இதை உடனே பற்றிக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய பயணிகள் விமானங்கள் கடல் மேல் பறக்கும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் தெரிய வேண்டும் என்ற பன்னாட்டு விதி, மலேசிய விமானம் எம்.ஹெச்.370 காணாமல்போன பிறகு, 2018 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பொழுதுபோக்குக்காகப் பறப்பவரின் சட்டைப்பை அதற்கு ஏறத்தாழ பதினோரு ஆண்டு முந்திக்கொண்டது.

இனி கொஞ்சம் கணக்கு. செஸ்னா 172 போன்ற விமானம் 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 222 கிலோமீட்டரில் போகிறது. 10 நிமிடத்தில் 37 கிலோமீட்டர். கடைசிப் புள்ளி மட்டும் தெரியும், அதற்குப் பின் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது தெரியாது என்றால், தேட வேண்டிய வட்டம் 4,300 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட கோயம்புத்தூர் மாவட்டம் அளவு. முந்தைய புள்ளிகளை இணைத்துத் திசையை ஊகிக்கலாமே என்று தோன்றும். ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் மேகம் மூடினால் விமானி முதலில் செய்வது வந்த வழியே திரும்புவதுதான். அந்தத் திருப்பத்திலும் விபத்துகள் நேர்வதுண்டு. அதனால் திசையை நம்பித் தேடலைக் குறுக்க முடியாது. இடைவெளியை 2 நிமிடமாகக் குறைத்தால் வட்டம் 172 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். 2011-க்கு முந்தைய சென்னை மாநகராட்சி அவ்வளவுதான் இருந்தது. மாறாக 10 நிமிட இடைவெளியில் ஒரே ஒரு புள்ளி தவறிப்போனாலும் வட்டம் 17,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். சந்தா காசைப் பார்த்து நீண்ட இடைவெளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

புள்ளிகள் ஏன் தவறுகின்றன? பெரும்பாலும் கருவி பழுதாகி அல்ல. அதை விமானத்துக்குள் வைத்த இடம்தான் காரணம்.

இந்தக் கருவிகள் 1.6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மிகக் குறைந்த திறனில் ஒலிபரப்புகின்றன. அந்த அலை அலுமினியத்தைத் துளைக்காது. கண்ணாடி வழியாகவோ பிளாஸ்டிக் வழியாகவோதான் வெளியே போக வேண்டும். இறக்கை கீழே அமைந்து, தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடிக் கூண்டு போட்ட விமானத்தில் கவலையில்லை, எங்கே வைத்தாலும் வானம் தெரியும். செஸ்னா 172-இல் இறக்கை கூரைக்கு மேலே இருக்கிறது. தலைக்கு நேர் மேலே வானமே கிடையாது. முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள திட்டுதான் எல்லோரும் தேர்ந்தெடுக்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் விமானம் போகும் திசையின் வானம் மட்டுமே தெரியும்.

எந்தத் திசை வானம் வேண்டும் என்பது கருவியின் பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் வலையைப் பொறுத்தது. ஸ்பாட் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்கள் 1,414 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 52 டிகிரி சாய்ந்த பாதையில் சுற்றுகின்றன. ஆகவே 52 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே அவை தலைக்கு மேல் வருவதே இல்லை. அலாஸ்காவின் ஆங்கரேஜ் 61 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்குப் போகும் விமானி முன்கண்ணாடியில் கருவியை வைத்தால், கருவி வடக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். செயற்கைக்கோள்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால், கூரையும் இறக்கையும் மறைத்த தெற்கு வானத்தில் இருக்கும். போகும்போது புள்ளிகள் விட்டுவிட்டு வரும், திரும்பி வரும்போது ஒழுங்காக வரும். கருவி சரியில்லை என்று திட்டுவதில் பயனில்லை. பின்கண்ணாடி ஓரத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குளோபல்ஸ்டாருக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கேட்டதைக் கேட்டபடி தரைக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அந்தச் செயற்கைக்கோளின் வேலை. அதே நேரத்தில் அதன் பார்வைக்குள் ஒரு தரைநிலையமும் இருந்தாக வேண்டும். நடுக்கடலில் இது நடக்காது. கார்மின் நிறுவனத்தின் ‘இன்ரீச்’ பயன்படுத்தும் இரிடியம் வலை வேறு மாதிரி. 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களைத் தொட்டுச் சுற்றும் 66 செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். தரைநிலையம் கண்டம் விட்டுக் கண்டம் இருந்தாலும் பரவாயில்லை.

என் பார்வையில் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒப்புகை. இன்ரீச் அனுப்பிய புள்ளி சேர்ந்தால் ‘வந்தது’ என்று பதில் திரும்பும். பதில் வராவிட்டால் மறுபடி முயலும், வானம் தெரியும்வரை சேர்த்து வைத்துக்கொள்ளும். முதல் ஸ்பாட் கருவிகள் ஒருவழிப் பாதை. பச்சை விளக்கு மின்னினால் அனுப்பியாயிற்று என்று பொருளே தவிர, யாருக்கும் கிடைத்தது என்று பொருளில்லை. ஆழ்கடல் மீனவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும். இஸ்ரோ அவர்களுக்கு முதலில் கொடுத்த அபாய அறிவிப்புக் கருவியும் ஒருவழிதான். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் கரையிலிருந்து ஒப்புகை திரும்பி வரும் வசதி சேர்ந்தது.

கருவியின் முகமும் முக்கியம். ஸ்பாட்டுக்குள் தட்டையான ஆன்டெனா. சின்னம் பொறித்த பக்கம் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடக்க வேண்டும். இன்ரீச்சில் குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா. அது நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் கதவுப் பைக்குள் செருகிவிட்டுப் பறப்பது காசுக்குக் கேடு. கையடக்க ஜி.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. ஜி.பி.எஸ். அலை வருவது 1,575 மெகாஹெர்ட்ஸில், டிராக்கர் கத்துவது 1,610-க்குச் சற்று மேலே. எதிர்வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று ரகசியம் கேட்பதுபோல ஆகிவிடும் ஜி.பி.எஸ்.ஸின் பாடு. காந்தத் திசைகாட்டியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும்.

வெயிலில் நிறுத்திய விமானத்தின் முன்கண்ணாடித் திட்டு, இன்ரீச் தாங்கும் 60 டிகிரியை எளிதில் தாண்டும். இறங்கியதும் கருவியைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. விமானத்தின் மின்சாரத்தில் ஓட்டலாம்தான், ஆனால் உள் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். மோதலில் முதலில் போவது விமானத்தின் மின்சாரம்தான். பழைய ஸ்பாட் கருவி 24 மணி நேரத்தில் தடமிடுவதைத் தானாக நிறுத்திவிடும். இரண்டாம் நாள் காலை மறுபடி பொத்தானை அழுத்த மறந்தால், தடம் அத்தோடு முடிந்துவிடும்.

அலாஸ்காவின் காட்டு விமானிகளிடையே ஒரு பேச்சு உண்டு: உடம்பில் இருப்பதுதான் உயிர்காக்கும் பொருள், விமானத்தில் இருப்பது முகாம் சாமான். எரியும் விமானத்திலிருந்து வெளியே குதிப்பவருக்குக் கண்ணாடி ஓரத்து டிராக்கரால் பயனில்லை. ஆனால் தடம் பதிய அது கண்ணாடி ஓரத்தில்தான் இருந்தாக வேண்டும். ஒரே கருவியால் இரண்டையும் சாதிக்க முயல்வது வீண். டிராக்கர் கண்ணாடியிலும், 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அவசரக் கருவி மேலங்கிப் பையிலும் இருக்கட்டும்.

இயந்திரம் நின்றுபோனால் எஸ்.ஓ.எஸ். பொத்தானை எப்போது அழுத்துவது? தரையிறங்கிய பிறகு என்று பலர் நினைக்கிறார்கள். செஸ்னா 172, ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். நல்ல உயரம் இருந்தால் கையில் சில நிமிடங்கள் உண்டு. முதல் வேலை விமானத்தை ஓட்டுவது, இரண்டாவது இறங்க இடம் பார்ப்பது. அதற்கும் மேல் ஒரு கை ஓய்ந்தால், ஆன்டெனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிடலாம். பத்திரமாக இறங்கிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தும், தடத்தை யாரும் பார்க்காவிட்டால் என்ன பயன்? நியூசிலாந்தில் 2005-இல் ஒரு ஹெலிகாப்டர் காணாமல்போய், கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதன் தாக்கத்தில் 2007-இல் தொடங்கிய ‘ஸ்பைடர்டிராக்ஸ்’ நிறுவனத்தின் கருவியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பயணம் முடிந்தது என்று விமானி தெரிவிக்காமல் புள்ளிகள் நின்றுபோனால், அந்த மௌனத்தையே அபாயமாக எடுத்துக்கொண்டு குறித்துவைத்த ஆட்களுக்கு எச்சரிக்கை போகும். பொத்தான் அழுத்த ஆள் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. அலாஸ்காவின் அரசு விமானச் சேவை நிலையங்களும் விமானிகளின் சொந்த டிராக்கர்களைப் பதிவு செய்துகொண்டு அவசர அழைப்புகளை நேரடியாகப் பெறும் முறையைக் கொண்டுவந்தன. இந்த வசதி இல்லாத கருவி வைத்திருப்பவர் வீட்டில் ஒருவரிடம் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்: எத்தனை நிமிடம் புள்ளி வராவிட்டால் யாரை அழைப்பது, எந்த எண்ணில். அதற்கு முன், பழகிய வழியில் நான்கு திசையிலும் ஒருமுறை பறந்து, எத்தனை புள்ளி தவறுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்வதும் அவசியம். சாதாரணமாகவே பத்தில் மூன்று தவறும் கருவியின் மௌனத்துக்கு யார் பதறுவார்கள்?

காணாமல்போன விமானத்தைத் தேடுவது என்றால் என்ன என்று நம் கடற்கரைக்கும் தெரியும். 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர், ஒரு மாதத்துக்குப் பிறகு கடலூர்ப் பக்கத்துக் கடலடியில் கிடைத்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு போன விமானப்படையின் ஏ.என்.-32, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பது 2024 ஜனவரியில்தான் உறுதியானது. ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது, மூழ்கிய ஈ.எல்.டி.க்கு அங்கே வேலையில்லை.

இதைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ரீச் வாங்கி வரச் சொல்பவர்கள் கவனிக்க: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இத்தகைய செயற்கைக்கோள் கருவியை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டுப் பயணி ஒருவர் இதற்காகவே கைதானார். 406 மெகாஹெர்ட்ஸ் ஈ.எல்.டி.யின் கதை வேறு. அதைப் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மீட்புக் கட்டுப்பாட்டு மையத்தில் பதிவு செய்யலாம். அழைப்பு வந்ததும் மையம் முதலில் பார்ப்பது அந்தப் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணைத்தான். விமானம் கைமாறியிருந்தாலோ எண் மாறியிருந்தாலோ அதைத் திருத்துவதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.