அம்பாசடருக்கு டப்பா பில்டர் போடலாமா?

மனிதனுக்குச் சிறுநீரகம் எப்படியோ, இஞ்சினுக்கு ஆயில் பில்டர் அப்படி. பேரிங், கேம்ஷாப்ட், பிஸ்டன் என்று எல்லா இடமும் சுற்றிவரும் ஆயில், இரும்புத் துகளையும் கரியையும் சுமந்துகொண்டுதான் சம்ப்புக்குத் திரும்புகிறது. வடிகட்டாமல் அதையே மறுபடி பேரிங்குக்கு அனுப்பினால், கல்லோடு சோறு தின்கிற கதைதான். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். பில்டர் பேப்பர் அதில் பாதிக்கும் குறைவான துகளைக்கூடப் பிடித்துவிடும்.

நண்பர்களே, ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கும் நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் மெக்கானிக். பள்ளிக்கூடம் பார்த்தது ஐந்தாம் வகுப்பு வரை. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வேலை செய்யும் ஷெட்டுக்குப் பழைய அம்பாசடர்கள் இன்றும் வருகின்றன. "இந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுட்டு டப்பா பில்டர் மாட்டலாமாடா? உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். புத்தகத்தில் நேரடியாகப் பதில் இல்லை. ஆனால் பதிலுக்கு வேண்டிய பாடமெல்லாம் இருந்தது. தப்பாக மாட்டினால் சில நிமிடத்தில் பேரிங் காலி. அந்தச் செலவு ஷெட்காரர் தலையில்தான் விழும். அதனால் சும்மா வாயால் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழியில் வந்தது. மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. இஞ்சின் பக்கவாட்டில் ஒரு வார்ப்புத் தலை, அதன் கீழே தொங்கும் ஓர் இரும்புக் கிண்ணம், உள்ளே எலிமென்ட், அடியில் ஸ்பிரிங், வாஷர்கள். எல்லாவற்றையும் நடுவில் ஒரே நீள போல்ட் இழுத்துப் பிடிக்கும். தலையில் உள்ள பள்ளத்தில் ஒரு ரப்பர் ரிங் உட்காரும்.

தொல்லை அந்த ரிங்கில்தான். ஒவ்வொரு தடவையும் பழையதை ஊசியால் கிளப்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போடணும். பழையது கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன் மேலேயே புது ரிங்கை வைத்து முறுக்கினால் கிண்ணம் சரியாக உட்காராது, ஆயில் பீய்ச்சும். அடுக்கும்போது ஒரு வாஷர் விட்டுப்போனாலும் ஆயில் எலிமென்ட்டுக்குள் போகாமல் பக்கத்து வழியாகத் தப்பிவிடும். வெளியே ஒழுக்கு இருக்காது, ஆனால் வடிகட்டலும் இருக்காது.

இதற்கு மாற்றுதான் டப்பா பில்டர். ஸ்பின்-ஆன் என்பார்கள். அமெரிக்காவின் விக்ஸ் நிறுவனம் 1954-ல் கொண்டுவந்தது. எலிமென்ட், ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் ஒரே தகர டப்பாவுக்குள். திருகி மாட்டு, திருகிக் கழற்று, அவ்வளவுதான். இங்கிலாந்தில் பழைய மோரிஸ், எம்.ஜி. கார்களுக்கு இதற்கான அடாப்டர் கிட் கடையிலேயே கிடைக்கிறது. அடாப்டர் என்பது கிண்ணம் இருந்த இடத்தில் உட்காரும் ஒரு துண்டு. மேல்பக்கம் பழைய தலையோடு சேரும், கீழ்ப்பக்கம் டப்பாவுக்கு மரை தரும்.

வாங்கினாலும் சரி, லேத்தில் கடைந்தாலும் சரி, நான்கு விஷயம் பார்க்கணும்.

ஒன்று, ஆயில் போகும் திசை. டப்பாவில் ஆயில் வெளிவட்டத் துளைகள் வழியாக நுழைந்து, பேப்பரைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறும். பல டப்பாக்களில் அந்த வெளித்துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வால்வு உண்டு. இஞ்சின் நின்றபின் ஆயில் திரும்பி வடியாமல் தடுப்பது அதன் வேலை. அடாப்டரில் வழி மாறிப்போனால் அந்த வால்வே கதவை மூடிவிடும். இஞ்சினுக்கு ஆயிலே போகாது.

இரண்டு, மரை. டப்பாக்களில் அதிகம் காணப்படும் மரைகளில் ஒன்று 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. இன்னொன்று 20 மி.மீ., 1.5 பிட்ச். 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ., பிட்ச் கிட்டத்தட்ட 1.59. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. 20 மி.மீ. டப்பா 3/4 அங்குல ஸ்டட்டில் லொடலொடவென்று ஏறி, பிடித்தது போலவும் காட்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரப்பர் வளையத்தின் விட்டம் 2 1/2 அங்குலம் என்றால் பரப்பு 4.9 சதுர அங்குலம். ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு என்றால் டப்பாவைத் தள்ளும் விசை 245 பவுண்டு, அதாவது சுமார் 111 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டைக்கு மேல்! அதை அரைகுறை மரை தாங்குமா?

மூன்று, பைபாஸ் வால்வு. பில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்புவது இது. பழைய தலையில் இது இருந்து, தலையையே மாற்றுகிறோம் என்றால், பைபாஸ் உள்ள டப்பாவைத்தான் போடணும்.

நான்கு, இடவசதி. டப்பா ஸ்டியரிங் பாகத்திலோ சைலன்சர் குழாயிலோ இடிக்கக் கூடாது. கழற்றும்போது கை போகவும் வழி வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் படம் போட்டுச் சொன்னேன். திசைப் பாடம் வந்ததும், "எந்த ஓட்டை பம்ப்புல இருந்து வருதுன்னு படத்துல எதுக்குத் தேடுற? கிண்ணத்தைக் கழட்டு, காயில் வயரைப் பிடுங்கு, கீழே டின்னை வை, செல்ப் அடி. எதுல ஆயில் கொட்டுதோ அதான்" என்றார். இதைவிடச் சரியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

மாட்டும் முறை இது. தலையின் முகத்தைத் துடைத்து, பழைய ரிங் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கணும். டப்பா கீழ்நோக்கித் தொங்குவதால் அதில் ஆயில் நிரப்பியே மாட்டலாம். ரப்பரில் ஆயில் தடவி, அது முகத்தைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டாம். பிறகு காயில் வயரைக் கழற்றிவிட்டு, அழுத்தம் ஏறும்வரை விட்டுவிட்டு செல்ப் அடிக்கணும். ஸ்டார்ட் செய்து ஒழுக்குப் பார்த்து, நிறுத்தி, ஆயில் அளவைச் சரிசெய்யணும்.

கழற்றிய கிண்ணத்தையும் போல்ட்டையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வண்டி ஒருநாள் கண்காட்சிக்குப் போனால் ஒரிஜினல் பாகத்துக்குத்தான் மதிப்பு.

ஆக, போடலாமா? நான்கும் சரியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒன்று சந்தேகமாக இருந்தாலும் கிண்ணமே இருக்கட்டும். புது ரிங்கும் வாஷரும் ஒழுங்காகப் போட்டால் அதுவும் நன்றாகவே உழைக்கும். அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். மறுநாளே என்னுடைய திரெட் கேஜை ஷெட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.