பாதை இல்லாப் பயணம் – 7: முதலில் காற்றை இறக்குங்கள்

ஃபோர் பை ஃபோர் வண்டியை டெலிவரி எடுத்து, கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு பலர் நேராகப் போகிற இடம் ஆக்ஸசரீஸ் கடை. இரும்பு பம்பர், கூரை மேல் விளக்கு வரிசை, பானெட் ஓரமாக மேலே ஏறும் ஸ்னார்க்கல், இரண்டு அங்குல லிஃப்ட் கிட், பல் பல்லாக நிற்கும் டயர். பில் லட்சத்தைத் தாண்டும்போது வண்டி இன்னும் முதல் சர்வீஸைக்கூடப் பார்த்திருக்காது. லோ ரேஞ்ச் லீவரை ஒரு முறையாவது போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

சென்ற வாரம் சொன்னபடி, இந்த வாரம் வண்டியில் என்ன மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று பார்ப்போம். நம்மூரில் இப்போது புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை வைத்திருக்கிறார்கள்: 2020-இல் வந்த மஹிந்திரா தார், அல்லது 2023-இல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னி. அதனால் இந்த இரண்டையும் வைத்தே பேசுகிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இந்த வண்டிகள் எதைத் தாண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தாருக்குத் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஜிம்னிக்குத் தரை இடைவெளி 210. முன்னும் பின்னும் முழு ஆக்சில். எடையோ 1,200 கிலோவை ஒட்டித்தான். இரண்டுக்கும் லோ ரேஞ்ச் உண்டு, ஏணிச் சட்ட சேசிஸ் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர் முதல் வருடத்தில் துணிந்து இறங்கக்கூடிய எந்த இடத்துக்கும் இது போதும். சந்தேகம் இருந்தால் சூரியநெல்லிக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து சுமார் 7,900 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலைக்கு, பாறையும் பள்ளமுமான தேயிலைத் தோட்டப் பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் பழைய ஜீப்புகளைக் கவனியுங்கள். வில்பட்டை சஸ்பென்ஷன், சாதாரண டயர். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்ற வேண்டும் என்பது ஓட்டுகிறவருக்கு மனப்பாடம். அவர்களுடைய மாடிஃபிகேஷன் அதுதான்.

சரி, செலவே செய்யக் கூடாதா? செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். முதல் மாற்றத்துக்குக் காசே வேண்டாம்: டயரில் காற்றை இறக்குங்கள்.

சாலையில் 30 பி.எஸ்.ஐ. சுமாருக்கு வைத்திருக்கும் காற்றை, கரடுமுரடான பாதையில் 20-க்குக் கொண்டுவந்தால் வண்டியின் குணமே மாறிவிடும். டயர் கல்லின் மேல் துள்ளுவதை விட்டுவிட்டு, கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடிக்கும். உள்ளே இருக்கிறவர்களின் இடுப்பும் பிழைக்கும். மணலில் 15 வரை இறக்கலாம். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் பரவும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் படும் நீளம்தான் கணிசமாகக் கூடுகிறது. ஒட்டகத்தின் பாதம் மணலில் புதையாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: அதே எடை, அதிகப் பரப்பில் இறங்குகிறது. பல்லே இல்லாத டயர் காற்றை இறக்கிக்கொண்டு தாண்டிய மணலில், விலை உயர்ந்த டயர் முழுக் காற்றோடு இறங்கிக் குழி பறிப்பது வாடிக்கையான காட்சி.

இதற்கும் எல்லை உண்டு. காற்று குறையக் குறைய டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும். கூர்மையான கல் அங்கேதான் கிழிக்கும். பஞ்சர் கடையில் ஒட்ட முடியாத இடம் அது. 15-க்குக் கீழே போனால், வேகமாக ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்தும் தொடங்குகிறது. இறக்கிய காற்றோடு 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றாமல் நகராதீர்கள். மலைப்பாதையில் குறைந்த காற்றோடு இறங்குவது தற்கொலை முயற்சி. ஆகவே, நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் நல்ல ஏர் கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற பொம்மை வேண்டாம். அது இரண்டு டயருக்குள் சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடுகிற வகை வாங்குங்கள். கூடவே ஒரு பிரஷர் கேஜ்.

அடுத்தது டயர். இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியாக வேண்டும், ஏனென்றால் கடையில் இதை யாரும் போடுவதில்லை. ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. அதன் முழு உயரம் 693 மில்லிமீட்டர். பலர் ஆசைப்பட்டு மாற்றுகிற 215/75 ஆர்15-இன் உயரம் 703. பத்து மில்லிமீட்டர் கூடினாலும், வண்டி உயர்வது அதில் பாதிதான். ஐந்து மில்லிமீட்டர், ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. 235/75 ஆர்15 போட்டால் வண்டி 20 மில்லிமீட்டர் உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசக்கூடும். சின்ன இன்ஜின் இழுக்கத் திணறும். அளவைத் தொடாமல் வகையை மட்டும் மாற்றுங்கள். நெடுஞ்சாலை டயருக்குப் பதிலாக ஆல் டெரெய்ன் போதும். மட் டெரெய்ன் டயரின் பெரிய பற்கள் சேற்றைக் கவ்வும், மறுக்கவில்லை. ஆனால் நம் வண்டி பத்தில் ஒன்பது பங்கு ஓடுவது சாலையில். மழையில் நனைந்த மலைச்சாலையில் அந்த டயர் பிரேக் பிடிப்பதைப் பார்த்தவர்கள் அதை வாங்க மாட்டார்கள்.

மூன்றாவது, மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கான ஏற்பாடு. மாட்டாமல் இருக்க எவ்வளவும் செலவு செய்யத் தயாராக இருக்கிறவர்கள் இதற்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். உயிர் போவது இங்கேதான். வண்டியின் அடியில் தெரிகிற வளையமெல்லாம் இழுக்கும் வளையம் அல்ல; சில, கப்பலிலும் லாரியிலும் வண்டியை அசையாமல் கட்டுவதற்காக வைத்தவை. டூல் கிட்டோடு வரும், திருகி மாட்டுகிற கொக்கி, பிரேக்டவுன் ஆன வண்டியைச் சாலையில் மெதுவாக இழுத்துப் போகத்தான்; சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்க அல்ல. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போட்டு இழுத்து, அது உடைந்து பறந்து வந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசிஸோடு போல்ட் போட்டு முடுக்கிய, எடை மதிப்பீடு உள்ள ரிகவரி பாயின்ட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

கயிறும் அப்படித்தான். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் இரும்புக் கம்பிக் கயிறு நீளாது. அறுந்தால் சாட்டையாக வீசும். நீண்டு சுருங்கும் நைலான் கயிறு, அதாவது கைனடிக் ரோப், இழுக்கும் வண்டியின் வேகத்தைச் சேமித்து மெதுவாகக் கொடுக்கும். அதை மாட்ட, தாங்கும் எடை பொறித்த ஷாக்கிள் வேண்டும். பெயர் தெரியாத பளபளப்பு இரும்பு வேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தாலும் வேகம் குறையும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கட்டும். நம்மூரில் ஒரு வண்டி மாட்டினால் ஊரே கூடிக் கைகொடுக்கும். அந்த நல்ல மனசுக்காரர்களை ஒதுக்கி நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. இதெல்லாவற்றுக்கும் முன்னால், மண்வெட்டி. பத்து நிமிடம் சக்கரத்துக்கு முன்னால் வெட்டிவிட்டால் பாதி நேரம் கயிறே தேவைப்படாது.

இனி லிஃப்ட் கிட். சஸ்பென்ஷனை உயர்த்தினால் தரை இடைவெளி கூடும் என்பது பாதி உண்மை. உயர்வது பாடியும் சேசிஸும். ஜிம்னியின் இரு ஆக்சில்களும், தாரின் பின் ஆக்சிலும், அவற்றின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட்டுகளின் சாய்வு கூடி, ரப்பர் பூட்டுகள் சீக்கிரம் கிழியும். ஜிம்னியை உயர்த்தினால் காஸ்டர் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும். அதைச் சரிசெய்ய இன்னொரு கிட் விற்பார்கள். பக்கவாட்டுச் சரிவில் இரண்டுமே முன்னைவிட எளிதாகக் கவிழும். ஐந்து கதவு ஜிம்னிக்கு உண்மையான குறை வேறு. மூன்று கதவு ஜிம்னியைவிட இரு ஆக்சில்களுக்கு இடையே 340 மில்லிமீட்டர் நீளம் அதிகம். மேட்டின் உச்சியில் வயிறு தட்டும். அதற்கு அடித்தகடு போட்டால் போதும். தட்டினாலும் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

ஸ்னார்க்கலைப் பற்றி ஒரு வார்த்தை. அது வண்டியை நீர்மூழ்கி ஆக்காது. இன்ஜின் காற்று இழுக்கும் வாயை மேலே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். வயரிங்கும் ஆல்டர்னேட்டரும் தண்ணீருக்குள்தான் இருக்கும். அதைவிடச் சல்லிசான ஒரு வேலை இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் திடீரென்று ஓடைத் தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிலின் பிரீதர் குழாயை நீட்டி மேலே கட்டிவிட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ரப்பர் குழாய்க்கு ஆகிற செலவுதான்.

டிஃபரென்ஷியல் லாக்கர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள். தாரின் சில வகைகளில் பின்னால் மெக்கானிக்கல் லாக்கர் இருக்கிறது. இரு சக்கரங்களின் சுழற்சியில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டும்போது ஒரு தட்டல் கேட்கும், பயப்பட வேண்டாம். ஜிம்னியில் அந்த வேலையைப் பிரேக் செய்கிறது. இரண்டிலும் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றே: சக்கரம் அந்தரத்தில் சுழன்றதும் பதறி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவது. சுழற்சி இருந்தால்தான் அந்த ஏற்பாடு விழித்துக்கொள்ளும். மிதித்ததை அதே அளவில் பிடித்துக்கொண்டிருங்கள், ஏறிவிடும். வின்ச் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் முதல் வின்ச், கூட வருகிற இரண்டாவது வண்டி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் பொருத்தும் இரும்பு புல் பார் 2017 டிசம்பரிலிருந்தே மத்திய அரசின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மோதலில் பாதசாரிக்கு ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். கம்ப்ரஸரும் கயிறும் மண்வெட்டியும் டிக்கியில் கிடப்பவை. அவற்றை எந்தச் சட்டமும் கேட்காது.

அடுத்த வாரம் லோ ரேஞ்சில் சரிவு இறங்குவது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் ஒரு வீட்டுப்பாடம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம் எது, அது இடப்பக்கமா வலப்பக்கமா, இழுக்கும் கொக்கி எங்கே, பிரீதர் குழாய் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸசரீஸ் கடைக்கு அதன் பிறகு போகலாம்.